காலில் விழுந்து வாங்கிய வார்டு

நீ கேட்ட வீடியோ வராது. உன் அப்பா காலையிலேயே குளித்து, போன தடவை நீ வாங்கி வந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பின்னால் அழுக்குச் சுவர் தெரியாதபடி நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நம் பிள்ளை இங்கிலாந்தில் எலெக்‌ஷனில் நிற்கிறான், வந்து நாலு வார்த்தை சொல்லு என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் போகவில்லை. மத்தியானத்துக்கு மேல் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டார். அவருக்கு வருத்தம்தான். எனக்கு இல்லை. வீடியோவுக்குப் பதிலாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். இதை உனக்குத் தனியாக அனுப்பப் போவதில்லை. நீ வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்கிற படங்களை நான் பார்க்க வேண்டும் என்று, உங்கள் தமிழ்ச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் நீயே என்னைச் சேர்த்துவிட்டாய். தாள்களைப் போட்டோ பிடித்து அந்தக் குழுவில் போடுகிறேன். உன் வார்டில் ஓட்டு இருக்கிறவர்கள் அதில்தானே இருக்கிறார்கள். அவர்களுக்கு என்னைத் தெரியாது என்பதால் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன். சொந்தமாக நிலம் கிடையாது. நடவு நட்டு, கரும்பு வெட்டி, மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிப் பிள்ளை வளர்த்தவள். பத்தாவது வரை படித்ததால் எழுத வரும். நம் பக்கத்து நகராட்சி மாதிரி இருக்கிற உங்கள் பரோ கவுன்சிலுக்குச் சுயேச்சையாக நிற்கிறானே, அவனைப் பெற்றவள்.

நீ அனுப்பிய நோட்டீஸைப் பார்த்தேன். ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் தமிழ். கோட்டுப் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாய். படத்துக்குக் கீழே 'கிராமத்துத் தேர்தலில் துணிந்து நின்ற வீரத்தாயின் மகன்' என்று போட்டிருக்கிறாய். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரடா அந்தத் தாய், நம் ஊரில் எந்தத் தெரு என்று உன்னைக் கேட்கத் தோன்றியது. பிறகு சிரிப்பு போய்விட்டது. நான் எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. நிற்கப் போனேன், நிற்க விடவில்லை. விடாதவன் யார் என்பதையும் நோட்டீஸில் சேர்த்துப் போட்டிருக்கலாம். உன் கோட்டுக்கு ஒதுக்கிய இடத்தில் பாதி போதும்.

உனக்கு மறந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. இருந்தாலும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நம் ஊரில் குடிதண்ணீர்க் குழாய் மாரியம்மன் கோயில் தெருவோடு நின்றுவிடும். அதற்குக் கிழக்கே இருக்கிற நம் தெருவுக்கு வராது. நானும் பக்கத்து வீட்டுச் செல்வியும் இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று என்று குடத்தை வைத்துக்கொண்டு கரும்புக் கொல்லை வரப்பில் நடந்து பம்புசெட்டுக்குப் போவோம். கரும்புத் தோகை கையைக் கீறிவிடும். கரண்டு இருக்க வேண்டும், கொல்லைக்காரர் நல்ல மனநிலையில் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் தொட்டியில் மாடு குடித்த மீதிதான் நமக்கு. கிராம சபைக் கூட்டத்தில் கேட்டால் அடுத்த வருஷம் என்பார்கள். அடுத்த வருஷமும் அதையே சொல்வார்கள். அப்படியிருக்கும்போது, நீ காலேஜில் இரண்டாவது வருஷம் படிக்கையில், நம் வார்டு உறுப்பினர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். செல்விதான் என்னை நிற்கச் சொன்னாள். மகளிர் குழுவில் தீர்மானம் எழுதுவது நான், பேங்கு மேனேஜரிடம் போய்ப் பேசுவது நான், ஆகவே நானே நிற்க வேண்டும் என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் ஆசையாக இருந்தது. அதை இப்போது மறைப்பானேன், ரொம்ப ஆசையாக இருந்தது. நம் தெருவுக்கு ஒரு குழாய் என்பதற்கு மேல் எனக்கு வேறு கொள்கை கிடையாது. உன் நோட்டீஸில் பார்க்கிங் இருக்கிறது, பூச்செடி இருக்கிறது, நாயை நடத்திப் போக இடம் இருக்கிறது. என்னுடையது ஒரு வரிதான்.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். ஓட்டுப் பெட்டி வரைக்கும் போவதே ஊருக்குக் கேவலம் என்று பெரிய மனிதர்கள் நினைப்பார்கள். கோயில் முன்னால் கூடி, எந்த வார்டுக்கு யார் என்று முடிவு பண்ணி, மற்றவர்களை வாபஸ் வாங்க வைத்து, போட்டியே இல்லாத ஒற்றுமையான ஊர் என்று மாலை போட்டுக்கொள்வார்கள். யாரோடு யாருக்கு ஒற்றுமை என்று மட்டும் கேட்கக் கூடாது. அந்தப் பெரிய மனிதர்களில் முதல் ஆள் ரைஸ்மில்காரர். ஊரில் யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை, நானும் சொல்லவில்லை. நம் வார்டுக்கு அவருடைய மருமகள் என்று அவர்கள் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கே அது தெரியுமோ தெரியாதோ. நான் நாமினேஷன் போட்ட சேதி போனதும் ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். நயமாகச் சொன்னார்கள், மிரட்டிச் சொன்னார்கள். நாளைக்கு யார் கொல்லையில் வேலைக்குப் போவாய் என்று கேட்டார்கள். நான் அசைந்து கொடுக்கவில்லை. செல்வி வாசலில் உட்கார்ந்து வந்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்து அனுப்பினாள்.

வாபஸ் வாங்கும் கெடு முடிவதற்கு முந்தின நாள் காலையில் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். உன் அப்பா உளுந்தூர்பேட்டைக்கு லாரியில் லோடு ஏற்றப் போயிருந்தார். நானும் செல்வியும் நம் தெருப் பெண்களும் ஒரு ஓரமாகப் போய் நின்றோம். என்ன கேட்டாலும் முடியாது என்று ஒரே பதிலைச் சொல்வதாகப் பேசி வைத்துக்கொண்டுதான் போனோம். ரைஸ்மில்காரர் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. அவர் பின்பக்கம் திரும்பி யாருக்கோ தலையை ஆட்டினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நீ வந்தாய். காலேஜுக்குப் போட்டுப் போகிற கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தாய். என் எதிரில் வந்து, ஊரே பார்க்க, மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து என் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டாய்.

"யம்மா, வாபஸ் வாங்கிக்கமா. எனக்கோசரம் வாங்கிக்கமா. நான் இந்த ஊர்ல தல நிமிந்து நடக்க வேணாமா?"

மண்ணில் கிடந்துகொண்டு தலை நிமிர்வதைப் பற்றிப் பேசினாய். வைது பேசியிருந்தால் நானும் வைதிருப்பேன். கையைப் பிடித்து இழுத்திருந்தால் உதறியிருப்பேன். பெற்ற பிள்ளை பொது இடத்தில் காலில் விழுந்து கிடக்கும்போது நம் ஊர்ப் பக்கத்தில் ஒரு பெண் என்ன பண்ண முடியும்? கேட்டதற்குச் சரி என்று சொல்லித்தான் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் நின்றால் அவள் தாயே இல்லை என்று ஊர் சொல்லும். அதையும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பிள்ளையே விழுந்துவிட்டான், இன்னும் என்ன ரோஷம் என்று ஒரு கிழவர் எச்சில் துப்பினார். செல்வி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "எழுப்பாதக்கா, கெடக்கட்டும்" என்று காதோடு சொன்னாள். நான் குனிந்து உன்னைத் தூக்கிவிட்டேன். தூக்கினால் சம்மதம். அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும், உனக்கும் தெரியும். எழுந்ததும் நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாய். ரைஸ்மில்காரர் மகன் வந்து உன் தோளில் கை போட்டு அழைத்துப் போனான். அவன் பைக்கில் பின்னால் உட்கார்ந்துதான் நீ தினமும் கள்ளக்குறிச்சிக்குப் படிக்கப் போனாய். என்ன பேச வேண்டும், எப்போது விழ வேண்டும் என்று தானே சொல்லிக்கொடுத்ததாக அவன் பிறகு டீக்கடையில் பெருமையடித்துக்கொண்டான். பஸ்ஸில் நசுங்காமல் காலேஜுக்குப் போவதற்காக நீ என்னை அவர்களிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாய்.

மறுநாள் போய்க் கையெழுத்துப் போட்டு வாபஸ் வாங்கினேன். சின்னம் கொடுப்பதற்கு முன்னாலேயே முடிந்துபோனதால் எனக்கு என்ன சின்னம் வந்திருக்கும் என்றுகூடத் தெரியாது. செல்வி என்னோடு சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் போடவில்லை. அடுத்த நாளிலிருந்து என்னைக் கூப்பிடாமல் தனியாகத் தண்ணீருக்குப் போனாள். அதே வரப்பில் அவள் முன்னால் நடப்பாள், நான் பின்னால் நடப்பேன், பேச்சு இருக்காது. அந்த மழைக்காலத்தில் குடத்தோடு வழுக்கி விழுந்து, இடுப்பைத் தூக்க முடியாமல் அவள் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். உனக்குப் பரீட்சை. உனக்கு ஒன்றும் தெரியாது. ரைஸ்மில்காரர் மருமகள் பஞ்சாயத்துக் கூட்டத்துக்கு வந்ததை நான் பார்த்ததே இல்லை. அவள் நாற்காலியில் அவள் மாமனார் உட்கார்ந்தார். குழாயும் வந்தது, ரைஸ்மில் பின்வாசல் வரைக்கும் வந்தது. நம் தெருவுக்கு வந்தபோது அடுத்த தேர்தலும் முடிந்து, செல்வி கம்பு ஊன்றி நடந்துகொண்டிருந்தாள்.

நான் வாபஸ் வாங்கியதற்கு அடுத்த வருஷம் கல்வராயன் மலைக்கு மரவள்ளிக் கிழங்கு பிடுங்கக் கூலிக்குப் போனோம். எங்களோடு அதே சாலில் ஒரு மலைக்காரப் பெண் வேலை செய்துகொண்டிருந்தாள். அவள் அந்த ஊர் வார்டு உறுப்பினராம், யாரோ சொன்னார்கள். நான் நம்பவில்லை. மத்தியானம் ரோடு விஷயமாக ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். அவள் கையில் இருந்த மண்ணைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனாள். அவர் ஜீப்பில் இருந்தபடியே பேசப் பார்த்தார். இறங்கி நடந்து வந்து பாருங்கள் என்று அவரை மேட்டில் ஏற்றி, ரோடு அரித்துப் போன இடம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனாள். அவர் மூச்சு வாங்க அவள் பின்னால் போனார். நான் சோற்றுத் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது. வயிற்றெரிச்சல்தான், வேறென்ன.

அன்று முதல் இன்று வரை எனக்கு உன்மேல் கோபம். உனக்குச் சோறு போட்டபோதும் கோபம், உனக்குப் பெண் பார்க்கப் போனபோதும் கோபம், ஏர்போர்ட்டில் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதபோதும் உள்ளே அது இருந்தது. படிப்பு முடியட்டும், வேலை கிடைக்கட்டும், கல்யாணம் ஆகட்டும் என்று சொல்லாமல் தள்ளிக்கொண்டே போய்விட்டேன். பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிற பெற்றவர்கள் நடுவில் தங்கள் தப்பையும் சொல்லி மன்னிப்புக் கேட்பார்கள். நானும் பேனாவை வைத்துவிட்டு யோசித்துப் பார்த்தேன். என் பக்கம் ஒன்றும் அகப்படவில்லை. உன்னை எழுப்பியது தப்பு என்று செல்வி சொல்வாள். அதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, அவளிடம் கேட்டாயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணாமல் இருந்திருந்தால் இதெல்லாம் என்னோடு போயிருக்கும். நான் அடுப்பில் பால் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தேன். உன் குரலிலேயே சிரிப்பு இருந்தது. தமிழ் ஓட்டு இரண்டாகப் பிரிய இருந்தது, பேசி முடித்துவிட்டேன் என்றாய். நஸ்ரீன் என்று ஒரு பெண் நிற்பதாக இருந்தாள், நம் மணலூர்பேட்டைப் பெண்தான், சங்கத்து ஹாலில் கூட்டம் போட்டு விட்டுக்கொடுக்க வைத்துவிட்டோம் என்றாய். எப்படிடா விட்டுக்கொடுத்தாள் என்று கேட்டேன்.

"எல்லார் முன்னாடியும் கால்ல வுழுந்துட்டேம்மா. அவ்ளோதான், ஆடிப்போயிட்டாங்க. நம்மூரு வைத்தியம் எங்க போனாலும் வேல செய்யுது" என்றாய்.

பால் பொங்கி அடுப்பு அணைந்தது. நான் போனை உன் அப்பாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். என்னிடம் பண்ணியதை நீ மறந்திருந்தால்கூட ஒருவேளை மன்னித்திருப்பேன். நீ மறக்கவில்லை. பத்திரமாக வைத்திருந்து, கடல் தாண்டி எடுத்துப் போய், வேறொரு பெண்ணிடம் பயன்படுத்தியிருக்கிறாய். அதைச் சொல்லிவிட்டு அதே மூச்சில் என்னை வீடியோ கேட்டாய்.

மறுநாள் நான் மணலூர்பேட்டைக்குப் போனேன். உன் அப்பாவிடம் கள்ளக்குறிச்சிக்குக் கண் பரிசோதனைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, அங்கே பஸ் மாறி தியாகதுருகம் வழியாகப் போனேன். சின்ன ஊர்தான். லண்டன் பக்கம் போயிருக்கிற நஸ்ரீன் வீடு என்று இரண்டு இடத்தில் கேட்டதும் அவள் அண்ணன் பாத்திரக் கடையைக் காட்டிவிட்டார்கள். அவர் என்னை வியாபாரத்துக்கு வந்தவள் என்று நினைத்துக் குடம் எடுத்துக் காட்டினார். குடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றேன். கடைசியில், உங்கள் தங்கையை நிற்க வேண்டாம் என்று சொன்னவன் என் பிள்ளை என்றேன். அந்த மனிதர் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன், அதற்குத் தயாராகத்தான் போனேன். அவர் குடத்தை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஃபேனை என் பக்கம் திருப்பினார். "மொதல்ல உக்காருங்கம்மா, வெயில்ல வந்துகிறீங்க" என்றார். டீ வாங்கி வரச் சொல்லிவிட்டுத் தங்கைக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார்.

அந்தப் பெண் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியுமா? முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். கவுன்சில் வாடகைக்கு விட்டிருக்கிற குடியிருப்பில் இருக்கிறாள், அங்கே சுவரெல்லாம் பூஞ்சை பூத்திருக்கிறதாம். அவளுடைய சின்ன மகளுக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது. கவுன்சிலுக்கு எழுதி எழுதிப் பார்த்துவிட்டுத்தான், அந்தக் குடியிருப்பில் இருக்கிற வெள்ளைக்காரர்களும் கறுப்பர்களும் சேர்ந்து அவளை நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். அவள் கொள்கையும் ஒரு வரிதான். பேப்பரெல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கி, கொண்டுபோய்க் கொடுப்பதுதான் பாக்கி. அந்த நேரத்தில் உங்கள் சங்கத்தார் சாப்பாடு என்று அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஹாலில் என்ன நடந்தது என்று நான் கேட்டேன். அவளுக்குச் சொல்லவே கூச்சமாக இருந்தது.

"எங்கள்ல மனுஷன் மனுஷன் கால்ல வுழறது ஆகவே ஆகாதுங்கம்மா. அவரு பொத்துன்னு வுழுந்ததும் நான் காலப் பின்னால இழுத்துக்கினேன். எழுந்துக்கங்க எழுந்துக்கங்கன்னு கத்தறேன். நிக்கலன்னு சொன்னாதான் எழுந்துப்பேன்றாரு. சுத்தி நின்னவங்க போட்டோ எடுத்துகினு இருக்காங்க. அவரு எழுந்தா போதும்னு சரின்னுட்டேங்கம்மா."

இதைக் கேட்டுவிட்டு நான் அந்தக் கடையில் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று நினைக்கிறாய்? எனக்காவது அது பிள்ளைப் பாசம் என்று ஒரு சாக்கு இருந்தது. அவளுக்கு நீ யார்? அவள் மதத்தில் கூடாத ஒன்றை அவள் காலடியில் பண்ணி, அந்தப் பதற்றத்தில் ஒரு சரியைப் பறித்துக்கொண்டு வந்திருக்கிறாய். வழிப்பறிக்காரன்கூட அடுத்தவர் சாமியை இதில் இழுக்க மாட்டான். அதோடு அவள் இன்னொன்றும் சொன்னாள். அந்த வார்டில் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லையாம், மூன்று பேரைத் தேர்ந்தெடுப்பார்களாம். ஓட்டுப் போடுகிற ஒவ்வொருவரும் மூன்று பேருக்குப் போடலாமாம். உனக்குப் போடுகிறவர் அவளுக்கும் போடலாம், இன்னொருவருக்கும் போடலாம். பிறகு எந்த ஓட்டு எங்கே பிரிகிறது? இது உனக்குத் தெரியாதென்றால் நீ மடையன். நம் ஊர்க் கோயில் கணக்கை எடுத்துக்கொண்டு போய் அந்த ஊரில் போட்டிருக்கிறாய். தெரிந்தே பண்ணியிருந்தால், அவளுக்கு உன்னைவிட அதிகமாக விழுந்துவிடும் என்ற பயத்தில் பண்ணியிருந்தால், நீ ரைஸ்மில்காரர். இரண்டில் எது என்று நீயே குழுவில் சொல்லு, எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும்.

உன் அப்பா இதுவரை எழுதியதை வாசிக்கக் கேட்டார். பெற்ற பிள்ளைக்கு எதிராக ஊர் பார்க்க எழுதுவார்களா, அவன் மனசு உடைந்துவிட்டால் என்ன பண்ணுவாய் என்றார். உடையட்டும் என்றேன். அவன் இன்னும் ஜெயிக்கவே இல்லை, அதற்குள் தோற்கடிக்கப் பார்க்கிறாயே என்றார். ஆமாம், பார்க்கிறேன். நீ தோற்க வேண்டும் என்பது என் ஆசை இல்லை. அவளும் நின்று, நீயும் நின்று, ஓட்டுப் போடுகிறவர்கள் பார்த்து உன்னை எடுத்தால் எனக்கு வயிற்றெரிச்சல் கிடையாது, ஊருக்கே காபி போட்டுக் கொடுப்பேன். அவளை உட்கார வைத்துவிட்டு நீ கவுன்சிலர் ஆனால் அந்தச் சேதியை என்னிடம் சொல்லாதே. உன் அப்பாவிடம் சொல், அவர் சந்தோஷப்படுவார். அங்கே பிறக்காத நாம்கூட நிற்கலாம் என்று அந்த நாட்டுக்காரன் சட்டம் வைத்திருக்கிறான். அவன் உன்னைத் தடுக்கவில்லை. உன்னோடு நிற்க வந்த ஒருத்தியை நீ தடுத்தாய். நாளைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்து நீ யாருக்கு என்ன நியாயம் பேசப் போகிறாய்? அந்தக் குடியிருப்புச் சுவரைப் போய்ப் பார்த்தாயா? ஒரு தடவையாவது உள்ளே போய்க் கையை வைத்துப் பார்த்தாயா? பார்த்திருக்க மாட்டாய். அங்கே பார்க்கிங் பிரச்சினை இல்லை.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். நோட்டீஸில் என்னைப் பற்றிப் போட்டிருப்பதை எடுத்துவிடு. அச்சடித்தாகிவிட்டது என்று சொல்லாதே, பேனாவால் அடித்துவிட்டுக் கொடு. என் போட்டோவையும் எங்கேயும் போடாதே. பேரப்பிள்ளைகளிடம் நான் எலெக்‌ஷனில் நின்றேன் என்று சொல்லி வைத்திருந்தால் நிஜத்தைச் சொல்லு, உங்கள் அப்பா நான்தான் விடவில்லை என்று சொல்லு. நம் ஆள் நம் ஆள் என்று கூட்டம் சேர்த்து, அதிலேயே யார் எளிதில் பணிவார்களோ அவர்களை ஓரம் கட்டுகிற வேலையைச் சங்கத்தில் இருக்கிற மற்றவர்களும் விட்டுவிட வேண்டும். அந்த ஹாலில் நின்று போட்டோ எடுத்தீர்களே, உங்களில் ஒருவருக்காவது அந்தப் பெண்ணை ஒரு நாற்காலியில் உட்கார வைக்கத் தோன்றவில்லையா? அவளுக்கு இரண்டு நாள் காய்ச்சலாம். அதையும் அவள் சொல்லவில்லை, அவள் அண்ணன் சொன்னார்.

நேற்று மறுபடியும் நஸ்ரீனோடு பேசினேன். வியாழக்கிழமையோடு பேப்பர் கொடுக்கும் கெடு முடிகிறது என்றாள். கொடுத்த வார்த்தையை மீறுவதா என்று அவளுக்கு அதுதான் உறுத்திக்கொண்டிருந்தது. மிரட்டி வாங்கியது வார்த்தை ஆகாது, அதை மீறினால் பாவமும் கிடையாது, நான் மீறாமல் இருந்து பார்த்தவள் என்றேன். செல்வியைப் பற்றியும் சொன்னேன். கேட்டுவிட்டு, புதன்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கவுன்சில் ஆபீசுக்குப் போகிறேன் என்றாள். போனை வைக்கப் போனவள் மறுபடியும் கேட்டாள்.

"அவரு அங்கியும் வந்து குறுக்க வுழுந்துட்டா இன்னா பண்றதுங்கம்மா?"

"தாண்டிப் போம்மா" என்றேன். "பெத்தவ நான் சொல்றேன், தாண்டிப் போ."

ஆகவே புதன்கிழமை நீ அந்தப் பக்கம் போகாதே. போனாலும் நின்றுகொண்டு பேசு. படுத்துக் கிடக்கிற பிள்ளையைத் தாண்டினால் அது வளராது என்று, நீ கைக்குழந்தையாக இருந்தபோது ஒருத்தரையும் உன்னைத் தாண்ட விட்டதில்லை நான். நீ வளர்ந்தது போதும்.

அம்மா